சர்வரில் நண்பரின் கோப்பைத் திருத்திச் சேமித்ததும் அது என் பெயருக்கு மாறிவிட்டது, எடிட்டரில் கோளாறா?

கோளாறு இல்லை. கோப்பைக் காப்பாற்றத்தான் எடிட்டர் அப்படிச் செய்தது.

பழைய கோப்பைக் காலியாக்கி அதன் மேலேயே எழுதினால், பாதியில் கரண்ட் போனாலோ டிஸ்க் நிரம்பினாலோ பழையதும் மிஞ்சாது, புதியதும் மிஞ்சாது. அதனால் பல எடிட்டர்கள் அதே டைரக்டரியில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதி, ரீநேம் செய்து பழையதன் இடத்தில் வைக்கின்றன. அந்த நேரத்தில் வேறு யார் திறந்தாலும் முழுப் பழையது கிடைக்கும், இல்லையென்றால் முழுப் புதியது. அரைகுறையாக எதுவும் கிடைக்காது. அதே டைரக்டரி ஏன் என்றால், ரீநேம் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள்தான் (டிஸ்கின் ஒரே பிரிவுக்குள்தான்) நடக்கும். அதோடு, எல்லாரும் எழுதக்கூடிய டெம்ப் டைரக்டரியில் ஊகிக்கக்கூடிய பெயர் வைத்தால், யாராவது அதே பெயரில் சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட்டு நீங்கள் எழுதுவதை வேறு கோப்புக்குத் திருப்பிவிட வழி உண்டு.

ஆனால் இப்படி வருவது புதுக் கோப்பு. சேமிக்கும் முன்னும் பின்னும் 'எல்எஸ் -எல்ஐ' என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள், வரிசையின் தொடக்கத்தில் உள்ள ஐநோடு எண் (கோப்பை சிஸ்டம் அடையாளம் காணும் எண்) மாறியிருக்கும். உருவாக்கியவர் நீங்கள் என்பதால் உரிமையாளரும் நீங்களே. பழைய உரிமையாளர் பெயரைத் திரும்பப் போட, எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி கணக்கான ரூட்டால்தான் முடியும். ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) இருந்தால் அதுவும் அறுந்துவிடும்.

விம் எடிட்டர் இதை அழகாகக் கையாள்கிறது. அதன் 'பேக்கப்காப்பி' அமைப்பு ஆட்டோவில் இருந்தால், முதலில் 4913 என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கிச் சோதிக்கும். உரிமையாளரையும் அனுமதிகளையும் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால், பேக்கப் எடுத்துக்கொண்டு பழைய கோப்பிலேயே எழுதும்.

சரி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால்? ரீநேம் இதற்கு உதவாது, கடைசியாகச் சேமித்தவருடையதுதான் நிற்கும். பெருங்குடியில் எங்கள் ஆபீஸில் "அண்ணா, நான் போட்ட வரியைக் காணோமே" என்று யாராவது வந்து நிற்பது இதனால்தான். ஒரு கோப்பு திறந்திருப்பதைக் குறித்துவைக்கும் விம்மின் ஸ்வாப் கோப்பும், ஈமாக்ஸ் என்ற எடிட்டரின் லாக் கோப்பும் எச்சரிக்கை மட்டுமே தரும், வேறு எடிட்டர் அவற்றைக் கண்டுகொள்ளாது. விசூடோ என்ற கருவி அப்படியல்ல, யாருக்கு ரூட் அதிகாரம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பைப் பூட்டி, இலக்கணம் சரிபார்த்த பிறகே மாற்றுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது.

உங்களுக்கு நான் சொல்வது: இருவரையும் ஒரே குரூப்பில் சேர்த்து, டைரக்டரிக்குச் செட்ஜிஐடி (உள்ளே உருவாகும் கோப்புகளுக்கு டைரக்டரியின் குரூப்பையே தரும் அனுமதி) போடுங்கள். அப்புறம் உரிமையாளர் மாறினாலும் குரூப் மாறாது. குரூப்புக்கு எழுதும் அனுமதி இருக்கும்படி யூமாஸ்க்கை (புதுக் கோப்பில் எந்த அனுமதிகளை நீக்குவது என்ற அமைப்பை) 002 என்று வையுங்கள்.