உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியைத் தருமபுரியில் வீட்டோடு உட்கார்ந்து தடங்கல் இல்லாமல் பார்க்க என்ன ஏற்பாடு வேண்டும்?

முதலில் தேதியைச் சரியாகப் பிடியுங்கள். 2026 இறுதிப் போட்டி நியூ ஜெர்சியில் ஜூலை 19, ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு. நமக்கு அது ஜூலை 20, திங்கள் அதிகாலை 12.30. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விழித்திருக்க வேண்டும் என்று அர்த்தம். "இருபதாம் தேதி ராத்திரிதானே" என்று திங்கள்கிழமை உட்கார்ந்தால் கிடைப்பது மறு ஒளிபரப்புதான். 2018, 2022 இரண்டும் நமக்கு இரவு 8.30க்குத் தொடங்கின, சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாயிற்று. இது 2014 மாதிரி நள்ளிரவுக் கணக்கு.

முடிவது எத்தனை மணிக்கு? இந்த முறை ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் குடிக்க 3 நிமிட நிறுத்தம் உண்டு. இடைவேளையில் இசை நிகழ்ச்சி வேறு. 90 நிமிடத்தில் தீர்ந்தால் 2.40 வாக்கில் முடியும். கூடுதல் நேரம், பெனால்டி என்று இழுத்தால் 3.40, கோப்பை வாங்குவதையும் பார்க்க 4 மணி. 2014இல் ஜெர்மனியின் ஒரே கோல் 113ஆவது நிமிடத்தில்தான் விழுந்தது. 2022இல் 3-3 என்று நின்று, பெனால்டியில் 4-2 என அர்ஜென்டினா ஜெயித்தது. ஆகவே எல்லா ஏற்பாட்டையும் நான்கு மணி நேரத்துக்குச் செய்யுங்கள்.

நம் ஊரில் ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கரண்ட்தான். ஜூலை 19 என்றால் ஆடி மூன்றாம் தேதி. அம்மியே பறக்கும் காற்று என்பார்கள். தென்னை மட்டை ஒன்று லைன்மேல் விழுந்தால் போதும், தெருவே இருண்டுவிடும். இன்வெர்ட்டர் உள்ளவர்கள் சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 43 அங்குல எல்இடி டிவி சுமார் 100 வாட், செட்டாப் பாக்ஸ் 15, ரவுட்டர் 12, பழைய சீலிங் ஃபேன் இரண்டு 150, ஒரு டியூப் லைட் 20. மொத்தம் 300 வாட் வரும். 150 ஏஎச் பேட்டரி, 12 வோல்ட் என்றால் 1,800 வாட்-மணி. இழப்பு போகக் கைக்குக் கிடைப்பது 1,200 அளவு. நான்கு மணி நேரம் தாங்கும், பேட்டரி நன்றாக இருந்தால். வயதான பேட்டரி இதில் பாதிதான் தரும். ஒரு ஃபேனை நிறுத்துங்கள், முந்தின வாரமே டிஸ்டில்ட் வாட்டர் அளவைப் பாருங்கள். டிவிக்கும் ரவுட்டருக்கும் உள்ள பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறதா என்று மெயினை ஒரு முறை அணைத்துச் சோதியுங்கள். பல வீடுகளில் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் அந்த லைனில் இருக்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் இருந்தால் கரண்ட் போகும்போது மாறுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் செட்டாப் பாக்ஸ் அணைந்து மறுபடி தொடங்கும். அது முழுசாக எழுந்து வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அதற்குள் ஒரு கோல் போய்விடலாம். அன்று ராத்திரி மட்டும் யுபிஎஸ்ஸில் வையுங்கள். நிரந்தரமாக வைத்தால் வோல்டேஜ் 180க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் பேட்டரிக்குத் தாவி, சார்ஜ் தீர்ந்து நிற்கும்.

சிக்னலுக்கு ஒரே வழியை நம்பாதீர்கள். டிஷ் என்றால் கனமழையில் படம் கட்டம் கட்டமாக உடையும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் காற்றில் டிஷ் திரும்பிப் போவதைத் தடுக்கலாம்: பின்பக்க நட்டுகளைப் பகலிலேயே இறுக்குங்கள். கேபிள் டிவி என்றால் சிக்கல் வேறு. கம்பத்தில் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் தெருவில் கரண்ட் இல்லாவிட்டால் படம் வராது. கேபிள்காரரிடம் பேக்கப் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். வீடு வரை ஃபைபர் வந்திருந்தால் இந்த வம்பு குறைவு.

மாற்று ஏற்பாடாக மொபைல் டேட்டா. 5 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் மணிக்கு 2.25 ஜிபி, 3 எம்பிபிஎஸ்ஸில் 1.35 ஜிபி. தினம் 1.5 ஜிபி திட்டம் ஒரு பாதிக்கு மேல் வராது. பெரும்பாலான திட்டங்களில் அன்றைய கணக்கு நள்ளிரவு 12க்குப் புதுப்பிக்கும், அது நமக்கு வசதி. வீட்டில் இரண்டு மூன்று போன்களின் டேட்டாவை மாற்றி மாற்றி ஹாட்ஸ்பாட் போடலாம். எந்த ஆப் என்று முன்னாடியே பார்த்து, சந்தா கட்டி, டிவியில் லாகின் செய்து முடியுங்கள். 12.25க்கு ஓடிபி வராமல் தவிப்பது தேவையில்லாத வேலை. 15, 16 அதிகாலை 12.30க்கு நடக்கும் அரையிறுதிகளை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் பார்த்தால் டிஷ்ஷைவிட அரை நிமிடம் வரை பின்தங்கும், அதனால் எல்லார் போனிலும் ஸ்கோர் அறிவிப்பையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவையும் ஊமையாக்குங்கள். இல்லாவிட்டால் ஓசூர்ச் சித்தப்பா கோலை முன்னதாகச் சொல்லிவிடுவார்.

மொட்டை மாடியில் புரொஜெக்டர் கட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஆடிக் காற்றில் திரைத்துணி நிற்காது. ராத்திரி 10க்கு மேல் ஒலிபெருக்கி வைக்கவும் கூடாது.

சாப்பாடு ராத்திரி 8.30க்குள், அதுவும் லேசாக. களியும் கறிக்குழம்பும் அடித்துவிட்டு உட்கார்ந்தால் முதல் பாதியிலேயே குறட்டை கேட்கும். ஆட்டத்துக்கு நடுவே கொறிக்க வேகவைத்த கடலை சரியாக இருக்கும். ஆறு பேருக்கு தோலோடு ஒரு கிலோ. காய்ந்த காயானால் காலையிலேயே 8 மணி நேரம் ஊறப்போட்டு, மூழ்கும் அளவு தண்ணீரும் கைப்பிடி கல்லுப்பும் போட்டு 5 விசில் விடுங்கள். இறக்கியதும் வடித்தால் உப்பு உள்ளே ஏறாது. அரை மணி அந்தத் தண்ணீரிலேயே கிடக்கட்டும். கிருஷ்ணகிரி மாம்பழமும் அப்போது கடைசிக் கட்டம், நீலம் கிடைத்தால் வாங்கி வையுங்கள். டீயை 12 மணிக்கே போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். இன்வெர்ட்டரில் இண்டக்ஷன் அடுப்பை மாட்டினால் ஓவர்லோடில் எல்லாமே நின்றுவிடும்.

அப்பத்தா "கோல் போட்டும் ஏன் இல்லைங்கறான்?" என்று கேட்பார். இப்படிச் சொல்லுங்கள்: சக வீரர் பந்தைத் தட்டிவிடும் நொடியில், முன்னால் நிற்பவர் எதிரணிப் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசி இருவரில் முன்னால் நிற்பவரையும் தாண்டி நின்று, ஆட்டத்தில் தலையிட்டால் ஆஃப்சைடு. பெரும்பாலும் கோல்கீப்பர் அந்த இருவரில் ஒருவராக இருப்பார். பந்து போய்ச் சேரும்போது எங்கே நிற்கிறார் என்பது கணக்கில் இல்லை. தகராறு வருவதே இந்த இடத்தில்தான்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை 8 மணிக்கே தூங்க வைத்து 12.15க்கு எழுப்பலாம். முடியாவிட்டால் பதிவு செய்யுங்கள். ஆனால் நிகழ்ச்சி அட்டவணையை நம்பிப் பதிவு போட்டால் 2.30, 3 மணிக்கே நின்றுவிடலாம். நேரத்தைக் கையால் 12.15 முதல் 4.15 வரை என்று வைத்து, பாக்ஸில் அதற்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.