மார்க் போடுவது கணினியா, ஆய்வாளரா?

கேள்வி: டிரைவிங் டெஸ்டில் இப்போது கணினியே மார்க் போடுகிறதாமே, அப்படியென்றால் பக்கத்தில் உட்காரும் ஆய்வாளருக்கு என்ன வேலை? அவர் நினைத்தால் ஃபெயில் ஆக்கிவிட முடியுமா?

பதில்: இரண்டு வகைத் தேர்வுகள் உண்டு. தானியங்கித் தடத்தில் எட்டு போடுவது, ரிவர்ஸ் எடுப்பது, மேட்டில் நிறுத்திக் கிளப்புவது எல்லாவற்றையும் சென்சார்களும் கேமராக்களும் பார்க்கின்றன. சக்கரம் கோட்டில் ஏறியதா, மேட்டில் வண்டி பின்னால் உருண்டதா, நேரம் தாண்டியதா என்பதெல்லாம் அளந்து சொல்லக்கூடியவை, ஆளைப் பார்த்து மாறாதவை; அதனால் தடத்துக்கு இந்த முறைதான் நல்லது என்பேன்.

சாலையில் கதை வேறு. உதாரணமாக, பிரிட்டனில் ஆய்வாளர் பார்த்துத்தான் பிழையை டேப்லெட்டில் தட்டுகிறார், கணினி அதைக் கூட்டித் தருகிறது, அவ்வளவுதான். அங்கே சிறு பிழைகள் 15 வரை போகலாம், ஆனால் ஒரே ஒரு கடும் பிழை இருந்தாலும் ஃபெயில். எது சிறிது, எது கடும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கண்ணாடியைப் பார்க்காமல் லேன் மாறுகிறீர்கள், பின்னால் யாரும் இல்லை, சரி, சிறு பிழை. அதே நேரத்தில் பின்னால் வந்த பைக்காரர் சடாரென்று பிரேக் பிடிக்க வேண்டியிருந்தால் அது கடும் பிழை. இந்த வித்தியாசத்தை எடைபோட மனிதக் கண் வேண்டும்.

நினைத்தபடியெல்லாம் ஃபெயில் ஆக்க முடியாது, ஒவ்வொரு பிழையையும் அதற்கான தலைப்பில் பதிய வேண்டும். ரிசல்ட் வந்ததும் அந்த விவரத்தைக் கேளுங்கள், ஒரே தலைப்பில் பிழை திரும்பத் திரும்ப இருந்தால் முதலில் அதைப் பழகுங்கள்.