உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய காரைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்ட வழி தேடுபவர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாமே ஒர்க்‌ஷாப் மேனுவல், அதாவது வண்டியைப் பிரித்துப் பூட்டச் சொல்லித்தரும் புத்தகம், வாங்குவது பற்றியவை. சுருக்கி, ஒன்றாகவே போட்டுவிடுகிறேன்.

கே: 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருக்கிறேன். ‘ஃபேக்டரி மேனுவல், ஒரிஜினல் தரத்தில் மறுபதிப்பு’ என்று ஆன்லைனில் போட்டிருந்ததை 2,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். போட்டோக்கள் எல்லாம் கறுப்புத் திட்டு. ஒயரிங் படம் உள்ளங்கை அளவு. விற்றவரைக் கேட்டால், “அறுபது வருஷத்துப் புத்தகம் சார், அப்படித்தான் இருக்கும்” என்கிறார். (கோவை)

ப: அப்படி இருக்காது. அந்தக் காலத்து அசல் மேனுவலை இன்று கையில் எடுத்தாலும், கியர்பாக்ஸ் படத்தில் சர்க்லிப் என்கிற பிடிப்பு வளையம் எந்தப் பள்ளத்தில் உட்கார்கிறது என்று தெரியும். அதைக் கெடுத்தவர் படியெடுத்தவர்.

பழைய அச்சில் போட்டோ என்பது பொடிப்பொடிப் புள்ளிகளின் கூட்டம். புள்ளி பெரிதானால் இருட்டு, சிறிதானால் வெளிச்சம். அதை ஸ்கேன் செய்யும்போது ‘கறுப்பு-வெள்ளை’ என்று வைத்துவிட்டால் இயந்திரத்துக்குச் சாம்பல் நிறமே கிடையாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு மை கொட்டியது போல ஆகிவிடும். கோப்பு சிறிதாக வரும், வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காகச் செய்கிறார்கள். அந்தக் கோப்பை யாரோ இறக்கி, அச்செடுத்து, மறுபடி ஜெராக்ஸ் போட்டு விற்கிறார். உங்களிடம் வந்தது எத்தனையாவது தலைமுறை என்பது அவருக்கே தெரியாது.

படம் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எண் போனால் இன்ஜின் போச்சு. மங்கிய அச்சில் 3, 6, 8 மூன்றும் ஒரே முகம். 38 பவுண்டு-அடி விசையில் முறுக்க வேண்டிய போல்ட்டை 88 என்று படித்து முறுக்கினால் மரை உரிந்து கையோடு வரும். தசமப் புள்ளி அழிந்த அட்டவணையை வைத்து வால்வு இடைவெளி பார்ப்பவரை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒயரிங் படமோ அசலில் மடித்து வைத்த பெரிய தாள். அதை விரித்துத் துண்டு துண்டாக எடுக்கச் சோம்பல்பட்டு ஒரே பக்கத்தில் சுருக்கிவிட்டால், பத்து ஒயரும் ஒரு ஒயராகத் தெரியும்.

ஆனால் அட்டை மட்டும் புத்தம் புதுசு, பளபளவென்று, நாலு வண்ணத்தில்! விளம்பரத்தில் காட்டுவதும் அந்த அட்டையைத்தான். இது எனக்குத் தீராத எரிச்சல். துணிக்கடையில்கூட மடிப்பை விரித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. புத்தகத்துக்கு மட்டும் ஏன் அட்டையைப் பார்த்துப் பணம் அனுப்புகிறோம்? முறுக்கு அளவு அட்டவணை, கியர்பாக்ஸ் போட்டோ உள்ள ஒரு பக்கம், ஒயரிங் படம். இந்த மூன்றையும் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஒரிஜினல் தரம்’ என்று எழுதியது அவர். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தையும், வந்த புத்தகத்தின் மோசமான பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் கோவையிலேயே மனுப் போடலாம், இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. 2,800 ரூபாய்க்கு இவ்வளவா என்று விட்டுவிடாதீர்கள். அவர் நம்பியிருப்பதே அதைத்தான்.

அடுத்து வாங்க வேண்டியது: உங்கள் வண்டி அடிப்படையில் 1959-இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டு. அதே 948 சிசி இன்ஜின், அதே தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்). பிரிட்டனின் புரூக்லாண்ட்ஸ் புக்ஸ் ஹெரால்டுக்கான கம்பெனி மேனுவலையே மறுபதிப்பாக வெளியிடுகிறது. ஹேன்ஸ் மேனுவலும் கிடைக்கும். நல்ல புத்தகம்தான், ஆனால் அது ஒரு வண்டியைத் தாங்களே பிரித்துப் பார்த்து எழுதியது, கம்பெனி மேனுவல் இல்லை. யாராவது அதைக் கம்பெனி மேனுவல் என்று சொல்லி விற்றால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

கே: பிடிஎஃப் நல்லதா, புத்தகம் நல்லதா? (சேலம்)

ப: படுக்கையில் படிக்க பிடிஎஃப். வண்டிக்கு அடியில் புத்தகம். கிரீஸ் கையோடு போனைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

கே: பிரீமியர் பத்மினிக்கு மேனுவல் தேடுகிறேன். இத்தாலியின் ஃபியட் 1100டி மேனுவல், ஆங்கிலத்தில், தெளிவான அச்சில் ஒன்று கிடைக்கிறது. இரண்டும் ஒரே வண்டிதானே? (மதுரை)

ப: உடம்பு ஒன்று, இதயம் வேறு. இத்தாலியில் 1100டி-க்கு 1221 சிசி இன்ஜின். பம்பாய் குர்லாவில் செய்ததற்கு 1089 சிசி. இன்ஜின் அத்தியாயத்தை அப்படியே நம்பி பிஸ்டன் வாங்கிவிடாதீர்கள். பாடி, சஸ்பென்ஷன் பக்கங்களுக்காக வாங்கலாம், விலை குறைவாக இருந்தால். பிரீமியர் கம்பெனியே வெளியிட்ட மேனுவல் கிடைத்தால் அட்டை கிழிந்திருந்தாலும் அதற்குத்தான் முதல் மரியாதை. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்பு இதெல்லாம் நடைபாதையில் கிடந்த சரக்கு என்று பழைய ஆட்கள் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள்.

கே: அம்பாசடருக்கு ‘மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மேனுவல்’ என்று 4,500 ரூபாய் ஜிபே செய்து வாங்கினேன். வண்டி 1995 மாடல். இன்ஜின் படமும் ஒத்துப்போகவில்லை, பாடி படமும் ஒத்துப்போகவில்லை. வழக்குப் போடலாமா? (ஈரோடு)

ப: யார் மேல்? அவர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்லித்தான் விற்றார், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் வந்திருக்கிறது. அம்பாசடர் பிறந்தது 1956-இன் ‘சீரிஸ் 3’ ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து. சீரிஸ் 5, 6 எல்லாம் வால் நீண்ட வேறு வண்டிகள். உங்களுக்கு வந்தது அதில் ஒன்றாக இருக்க வேண்டும். 1995 வண்டி என்றால் உள்ளே இசுசு 1.8 இன்ஜினாக இருக்கலாம். அதை எந்த மோரிஸ் புத்தகத்திலும் தேட முடியாது. ஆர்சி புத்தகத்தை எடுத்து இன்ஜின் எண்ணைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் ஐயா? பேனட்டைத் தூக்கினாலே தெரிந்திருக்குமே. அதே தொகைக்கு வேறொருவருக்கு விற்கப் பாருங்கள். சீரிஸ் எண்ணை மறக்காமல் சொல்லி விற்கவும்.

கே: ஒரு சிடியில் ஆயிரம் கார் மேனுவல் என்று 300 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா? (வேலூர்)

ப: என்னிடம் ஒன்று இருக்கிறது. பாதி திறக்கவில்லை. திறந்த மீதியில் பெரும்பாலும் ஷோரூம் துண்டுப்பிரசுரம். வேண்டுமானால் தபாலில் அனுப்புகிறேன்.

கே: பழைய மகிந்திரா ஜீப்பைச் சரிசெய்கிறேன். ‘அமெரிக்க ராணுவ மேனுவல், அபூர்வ மறுபதிப்பு’ என்று 6,000 கேட்கிறார்கள். (திருச்சி)

ப: கொடுக்காதீர்கள். அது டிஎம் 9-803, 1944-இல் அமெரிக்கப் போர்த்துறை வெளியிட்டது. அமெரிக்க அரசின் வெளியீடு என்பதால் பதிப்புரிமை இல்லை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல ஸ்கேனாகப் பார்த்து இறக்கி, பக்கத்துக் கடையில் கொஞ்சம் கனமான தாளில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு முன் வண்டியின் பேனட் உயரத்தைப் பாருங்கள். அந்த மேனுவல் போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்புக்கானது. மகிந்திரா இங்கே அதிகம் செய்தது சிஜே-3பி என்கிற பிந்தைய மாடல். அதன் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் நுழையும் இன்லெட் வால்வு மேலே வந்துவிட்டதால் உயரம் கூடி, பேனட்டையும் தூக்கிவிட்டார்கள். உயரமான மூக்கு என்றால் சிஜே-3பி மேனுவலைத் தேடுங்கள்.

கே: எங்கட மோரிஸ் மைனருக்கு மேனுவல் கிடைச்சிட்டுது, ஒயரிங் படமும் தெளிவு. ஆனா ஒயருக்குப் பக்கத்தில ‘என்’, ‘யு’ எண்டு போட்டிருக்கு. அச்சுப் பிழையோ? (யாழ்ப்பாணம்)

ப: பிழை இல்லை. ‘என்’ என்றால் பிரவுன், ‘யு’ என்றால் நீலம். பிரிட்டிஷ் வண்டிகளில் அப்படித்தான். பிரவுன் ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, நடுவில் ஃபியூஸ் கிடையாது. அதைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கே: “நாற்பது வருஷ அனுபவம், புத்தகமெல்லாம் எதுக்கு?” என்கிறார் என் மெக்கானிக். ஹெரால்டுதான். முன் சக்கரத்துக்கு நன்றாக கிரீஸ் அடித்துக் கொடுத்திருக்கிறார். (சென்னை)

ப: அங்கேதான் வினை. ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனில், சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டான வெர்டிகல் லிங்க்கின் கீழ்முனை மரையாக இருக்கும். அது ட்ரன்னியன் என்கிற உலோகக் கூட்டுக்குள் திருகி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அதற்குள்ளேயே சுழலும். மேனுவல் அதற்குக் கேட்பது 90 கிரேடு கியர் ஆயில், கிரீஸ் இல்லை. கிரீஸ் மரை முழுக்கப் பரவாது. உள்ளே துருப்பிடித்து, இறுகி, ஒருநாள் லிங்க் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். புத்தகத்தில் எதற்கு எந்த ஆயில், எதற்கு கிரீஸ் என்று சொல்லும் மசகு அட்டவணை என்று ஒரு பக்கம் உண்டு. அதை மட்டும் பெரிதாக அச்செடுத்து அவர் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். இதைச் சரிசெய்யும் முன் வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டாம். ட்ரன்னியனைக் கழற்றி, கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து, துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆயில் போடச் சொல்லுங்கள்.