பழைய நோட்டில் இருக்கும் 10.8

கேள்வி: எங்கள் ஊர் தடகள கிளப்பில் 1979 முதல் எழுதிய நோட்டுகள் இருக்கின்றன. அதில் ஒரு அண்ணன் 100 மீட்டரை 10.8-ல் ஓடியிருக்கிறார். போன மாதம் எங்கள் பையன் எலக்ட்ரானிக் டைமிங்கில் 10.95 ஓடினான். எது கிளப் சாதனை?

பதில்: இரண்டும்தான், ஆனால் தனித்தனிப் பட்டியலில். துப்பாக்கிப் புகையைப் பார்த்து ஸ்டாப்வாட்சை அழுத்துவதற்குள் கொஞ்ச நேரம் போய்விடும், அதனால்தான் கையால் எடுத்த நேரம் குறைவாக வரும். 100 மீட்டருக்கு 0.24 வினாடி கூட்டி ஒப்பிடுவது வழக்கம், அப்படிப் பார்த்தால் அண்ணனுடையது 11.04. அதற்காக நோட்டில் அடித்துத் திருத்திவிடாதீர்கள், அது பெரிய பாவம்! மில்கா சிங் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடிய 400 மீட்டருக்கே கையில் 45.6, எலக்ட்ரானிக்கில் 45.73 என்று இரண்டு கணக்கு உண்டு. எழுதியதை அப்படியே வைத்து, பக்கத்தில் ‘கை’ என்று மட்டும் குறியுங்கள்.

ஓரத்தில் பென்சிலில் ‘பின்காற்று பலம்’ என்று யாராவது கிறுக்கியிருந்தால் அதையும் விடாமல் பட்டியலில் ஏற்றுங்கள், வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் அந்த நேரம் சாதனைக்குச் சேராது. அப்புறம் ஆண்கள் ஈட்டி: 1986-ல் ஈட்டியின் வடிவமே மாறியது, அதற்கு முந்தைய தூரங்களைத் தனியாக வையுங்கள். முதலில் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்துவிடுங்கள், இந்த வாரமே.