மாணவி ரகசியம் என்று சொன்னதை போலீசுக்குச் சொல்லணுமா?

சொல்லியே ஆகணும் மேடம். "யாரிடமும் சொல்லாதீங்க மிஸ்" என்று அந்த எட்டாம் வகுப்புப் பெண் கெஞ்சியிருந்தாலும், உறவினரின் பாலியல் சீண்டலைப் பள்ளி ஆலோசகர் மறைக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19 அப்படி. ஹெச்.எம். அனுமதியெல்லாம் தேவையில்லை, மறைத்தால் பிரிவு 21-இல் ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

முதல் நாளே "எல்லாம் நமக்குள்ளதான்" என்று வாக்குக் கொடுத்திருப்பீர்கள், அதுதான் இப்போது உறுத்துகிறது. பழைய குறிப்பேட்டைப் பாருங்கள், ரகசியத்துக்கு விதிவிலக்கு உண்டு என்று சொன்னதாக ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லாவிட்டாலும் கடமை மாறாது.

தகவல் தரப்போவதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். அவள் சொன்ன வார்த்தைகளையே தேதியோடு எழுதுங்கள். துருவிக் கேட்க வேண்டாம், அது போலீஸ் வேலை.

அந்த ஆள் அதே வீட்டில் இருந்தால், வீட்டுக்கு போன் போடும் முன் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.