சி நிரலிலிருந்து ஆர் ஃபங்ஷனைக் கூப்பிடுவது எப்படி?

ஏற்காடு எஸ்டேட்டின் தினசரி மழையளவு சி நிரலில் இருக்கிறது, அதற்கு ஆர் மொழியின் மீடியனை (நடுமதிப்பை), விடுபட்ட நாட்களை ஒதுக்கி, சி-யிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆர் மொழியில் ஒரு அழைப்பு என்பதே ஒரு இணைப்புப் பட்டியல்தான். ரயில் மாதிரி: எஞ்சின் இடத்தில் ஃபங்ஷன், பின்னால் பெட்டிகளாக ஆர்க்யுமென்ட்கள் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகள்). மீடியன், மழை வெக்டர், ட்ரூ என மூன்று உறுப்புகள் என்பதால், மூன்று உறுப்புள்ள அழைப்பைக் கட்டித்தரும் லாங்3 போதும். மீடியனின் பெயரை இன்ஸ்டால் மூலம் சிம்பலாக்கி (ஆர் அறியும் பெயராக்கி) கொடுங்கள். மூன்றாவது உறுப்புக்கு செட்_டேக் போட்டு 'என்ஏ.ஆர்எம்' என்று பெயர் சூட்டுங்கள்; விடுபட்ட மதிப்புகளை ஒதுக்கச் சொல்வது அதுதான். அப்புறம் அந்த அழைப்பை ஓட்டிப் பார்க்கும் எவால்.

எவாலுக்குப் பெயர்களைத் தேடும் இடத்தையும், அதாவது சூழலையும், கொடுக்க வேண்டும். அதற்கு பேஸ்என்வ் கொடுத்தால் மீடியன் கிடைக்காது. அது ஸ்டாட்ஸ் தொகுப்பில் இருக்கிறது. குளோபல்என்வ் கொடுங்கள், அங்கிருந்து தேடினால் ஸ்டாட்ஸும் அகப்படும்.

பெரும்பாலும் சறுக்குவது ப்ரொடெக்ட் விஷயத்தில்தான்; 'இது பயன்பாட்டில் இருக்கிறது, அழிக்காதே' என்று ஆர்-இடம் சொல்வது அது. புதிதாக நினைவகம் ஒதுக்கும் எந்த நேரத்திலும், பயன்படாத நினைவகத்தைத் துடைக்கும் குப்பை சேகரிப்பான் ஓடலாம். லாங்3-இன் அடைப்புக்குள்ளேயே இரண்டு புது வெக்டர்களை உருவாக்கினால், இரண்டாவது பிறக்கும்போது முதலாவது காணாமல் போகலாம். சிறிய தரவில் ஒழுங்காக ஓடி, பத்து வருட மழைக் கணக்கைக் கொடுத்ததும் கவிழும், எரிச்சலூட்டும் பிழை இது. ஒவ்வொன்றையும் தனி வரியில் உருவாக்கி ப்ரொடெக்ட் செய்யுங்கள். இன்ஸ்டால் தரும் சிம்பலுக்கு மட்டும் அது தேவையில்லை.

எவாலுக்குள் பிழை வந்தால் கட்டுப்பாடு உங்கள் சி ஃபங்ஷனைத் தாண்டிக் குதித்துவிடும். சி-யின் மாலாக்கில் வாங்கிய நினைவகம் விடுவிக்கப்படாமல் அப்படியே கிடக்கும். அதனால், பிழை வந்தாலும் உங்களிடமே திரும்பிவரும் ஆர்_ட்ரைஎவால் நல்லது.

சரி, மழைமானி பார்க்காத நாளுக்கு 0 போடாதீர்கள், 'மதிப்பு இல்லை' என்று குறிக்கும் என்ஏ_ரியல் போடுங்கள்.