டச்பேட் எழும்பினால் முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள்

வணக்கம் நண்பரே. 2016-இல் வாங்கிய லேப்டாப், ஆறாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், டச்பேட் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. பேட்டரி மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அதை அணைத்துவிட்டுச் சார்ஜரைக் கழற்றுங்கள். டச்பேட் தூக்குகிறது என்றால் பெரும்பாலும் அடியில் பேட்டரி உப்பியிருக்கும். அழுத்தியோ குத்தியோ பார்க்காதீர்கள், தீப்பிடிக்கலாம். சர்வீஸ் கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

சரி, இந்தப் பழைய லேப்டாப்புக்கே புதுப் பேட்டரி வாங்கிச் செலவு செய்யலாமா? நானாக இருந்தால் செய்ய மாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்கள் ப்ராசஸர் விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியலில் இல்லை. டேலி கணக்கு மென்பொருள் வேலைதான் முக்கியம் என்கிறீர்கள், அது விண்டோஸுக்கானது, அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

புதிதில் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி பாருங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது. இதைக் கடைக்காரரிடம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி வழியாகச் செருகும் வெளிப்பெட்டியில் (கேஸ்) போட்டால் கணக்குகளை எடுத்துவிடலாம்.

அப்புறம், புது லேப்டாப் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருக்கும் என்றால் தயாரிப்பாளரின் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தி வையுங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்துதான் பேட்டரியைக் கெடுக்கும். மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள், காற்று போகும் வழி அடைந்துவிடும்.